யாருக்கு எந்தப் பாராட்டு: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

மாதாந்திர மீட்டிங். எங்கள் சாஃப்ட்வேரின் போன ரிலீஸுக்கு முந்தைய நாள், ஒரே பில் இரண்டு முறை பதிவாகும் தவறைக் கண்டுபிடித்தவர் எங்கள் டெஸ்டிங் பெண். அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் வாடிக்கையாளர்கள் இரண்டு முறை பணம் கட்டியிருப்பார்கள். அதனால் அவரை முன்னால் கூப்பிட்டு, நடந்ததை எல்லோருக்கும் சொல்லி, கைதட்டச் சொன்னேன். மனதாரத்தான் செய்தேன்.

அவர் வந்து நின்றார். ஐடி கார்டின் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, தரையைப் பார்த்தபடியே நின்றார். சாயங்காலம் என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அடுத்த தடவை என்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. கூப்பிடுவீங்கன்னு நேத்தே காதுல விழுந்துச்சு. ராத்திரி தூக்கமே வரல."

மார்ச் 4, செவ்வாய்

நேற்றுச் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டினால் எனக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்ததைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். ஏழு பேர் இருக்கிற டீம். யாருக்கு எது பிடிக்கும் என்று இரண்டு வருடமாக நான் கேட்டதே இல்லை.

ஆனால் "உங்களை எப்படிப் பாராட்டினால் பிடிக்கும்?" என்று நேராகக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "அதெல்லாம் எதுக்குங்க" என்று முடித்துவிடுவார்கள். வேறு மாதிரி கேட்கப் போகிறேன்: இத்தனை வருட வேலையில், நம் உழைப்பை யாரோ கவனித்தார்கள் என்று மனதில் பட்ட ஒரு நாளைச் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்ல யாரும் கூச்சப்பட மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

மார்ச் 7, வெள்ளி

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டேன். கேட்ட விதம் சரிதான்.

டீமிலேயே மூத்தவருக்கு 19 வருட அனுபவம். விருது, சான்றிதழ் எதையும் அவர் சொல்லவில்லை. பழைய மேலதிகாரி ஒருவர் எந்த முடிவெடுப்பதற்கு முன்னும் இவரிடம் வந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பாராம். "அவ்வளவுதாம்மா. அந்த ஒரு கேள்விக்காகவே அங்க ஆறு வருஷம் இருந்தேன்" என்றார். சென்ற மாதம் சர்வர் மாற்றும் முடிவை இவரிடம் கேட்காமலே எடுத்தேன். அது நினைவுக்கு வந்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை.

கைக்குழந்தை இருக்கிற இன்னொருவர், தொடர்ந்து இரண்டு நாள் நேரமாகிப்போனபோது பழைய லீட் சொன்னதை நினைவுபடுத்திச் சொன்னார்: "கிளம்புங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்." சொன்னதோடு நிற்காமல், அந்த வேலையை அவரே முடித்தும் வைத்தாராம். சீக்கிரம் போகச் சொல்லிவிட்டு அதே வேலையை மறுநாள் தலையில் கட்டினால் அது எப்படிப் பாராட்டாகும்?

ஒருவருக்கு மேலிடத்துக்குப் போகும் மெயிலில் தன் பெயர் இருக்க வேண்டும். ஒருவர் சிரித்து மழுப்பிவிட்டார். அவரிடம் அப்புறம் பேச வேண்டும்.

மார்ச் 12, புதன்

மாதா மாதம் 'சிறந்த ஊழியர்' தேர்ந்தெடுத்து, படம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று மேனேஜர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஏழு பேரில் ஒருவரை மேலே தூக்கினால் மற்ற ஆறு பேருக்கும் அந்த மாதம் வேறொரு செய்தி போய்ச் சேரும்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் நர்சரிக் குழந்தைகளை வைத்து வெளியிட்ட ஆய்வையும் சொன்னேன். படம் வரைவதை விரும்பிச் செய்த குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அந்தக் குழந்தைகள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கிடைத்த குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. பெரியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் பரிசை நோக்கி வேலையைத் திருப்பிவிடுகிற ஆபத்து இதிலும் இருக்கிறது. யோசிக்கலாம் என்றார். சரி, பார்ப்போம்.

மார்ச் 20, வியாழன்

ராத்திரி ஷிப்ட் தம்பியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான்.

தினமும் இரவு வரும் கோப்புகளை எடுத்து டேட்டாபேஸில் ஏற்றும் ஸ்கிரிப்டை, அதாவது தானாக ஓடும் சின்ன நிரலை, அவர் புதிதாக எழுதியிருந்தார். முன்பு வாரத்துக்கு இரண்டு நாளாவது பாதியில் நின்றுவிடும். இப்போது ஒரு மாதமாக நிற்கவில்லை. 'நன்றி, அருமை' என்று மெயில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பேசும்போது அவர் சொன்னது வேறு: "எழுதினதை யாராவது முழுசாப் படிச்சா போதும்க்கா."

அதனால் படித்தேன். வரி வரியாக. ஓர் இடத்தில் கோப்பின் அளவைப் பார்க்கிறது, முப்பது விநாடி சும்மா இருக்கிறது, மறுபடியும் அளவைப் பார்க்கிறது. "ஏன் இரண்டு தடவை?" என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கோப்பு வந்துவிட்டது போலத் தெரியுமாம். ஆனால் அனுப்புகிற பக்கம் அதில் இன்னும் எழுதிக்கொண்டே இருப்பார்களாம். பழைய ஸ்கிரிப்ட் அரைகுறைக் கோப்பை எடுத்துக்கொண்டு திணறியிருக்கிறது. இரண்டு முறையும் அளவு மாறாமல் இருந்தால்தான் இவருடையது கை வைக்கும். இதைக் கண்டுபிடிக்க மூன்று இரவுகள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. கிளம்பும்போது, "அந்த முப்பது விநாடியை யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மார்ச் 24, திங்கள்

டெஸ்டிங் பெண்ணுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினேன். மூன்றே வரி, அரை மணி நேரம் ஆனது. 'சிறப்பாகச் செய்தீர்கள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அந்த இரட்டைப் பில் தவறைப் பிடிக்க, நெட்வொர்க்கை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, பொறுமை இழந்த வாடிக்கையாளர் மாதிரி பட்டனை மறுபடி அழுத்திப் பார்த்தாரே, அதைத்தான் எழுதினேன்.

கொடுக்கப் போகும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், பெறுகிறவருக்கு அது சங்கடமாக இருக்கும் என்று அளவுக்கு மீறி நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்கு வரும் சந்தோஷத்தையோ குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதை நினைத்துக்கொண்டே மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் போகும்போது திரும்பிப் பார்த்து ஒரு தரம் தலையசைத்தார்.

மார்ச் 28, வெள்ளி

சிரித்து மழுப்பியவர் இன்று பேசினார். "நல்லா பண்றேன்னு மூணு வருஷமா சொல்றாங்க. பதவி அப்படியேதான் இருக்கு. இனிமே அந்த வார்த்தையைக் கேட்டாலே கஷ்டமா இருக்கு."

நியாயமான பேச்சு. பதவி உயர்வு கொடுக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆனால் அப்ரைசலுக்கு மேலே போகும் அறிக்கையை எழுதுவது நான்தான். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தே எழுதினேன்: எந்த வேலை, எப்போது, அதனால் என்ன மாறியது, ஏன் இந்தப் பதவிக்கு மேல் இவர் இருக்க வேண்டும். முடித்ததும் படித்துக் காட்டினேன்.

கவனமாகக் கேட்டவர் மூன்றாவது பத்தியில் நிறுத்தச் சொன்னார். "பழைய டேட்டாவை மாத்தினது நான் தனியா பண்ணலக்கா. ராத்திரி ஷிப்ட் தம்பி பேரையும் போடுங்க."

சேர்த்துவிட்டு அனுப்பினேன்.