இரைப்பையைச் சிறிதாக்கிவிட்டு ஏ9 ஆல் திரும்புபவர்களுக்கு

உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சையைக் கொழும்பிலோ சென்னையிலோ செய்துவிட்டுச் சில நாளிலேயே கிளிநொச்சிக்கோ மல்லாவிக்கோ வந்துவிடலாம். சிக்கல்கள் பல, வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். செய்தவர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பார். நீங்கள் போய் நிற்பது பக்கத்து ஆஸ்பத்திரியில். "வயித்தில ஒரு ஒபரேஷன்" என்று சொன்னால் அங்குள்ள வைத்தியருக்குப் போதாது. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை (என்ன செய்தார்கள் என்ற குறிப்பு அட்டை) கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள்.

பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் என்பது இரைப்பையின் 75-80 வீதத்தை நெடுக்காக வெட்டி எடுத்து, ஒடுங்கிய குழாயாக விடுவது. பைபாஸில் மேலே ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் பையைப் பிரித்துச் சிறுகுடலை அதோடு பொருத்துவார்கள். ஒன்றரை வருடத்துக்குள் மொத்த எடையில் 25-30 வீதம் இறங்கும்: 120 கிலோக்காரர் 85-90 இல் நிற்பார். பிறகு சில கிலோ திரும்ப ஏறுவது வழமை. நீரிழிவு வந்து சில வருடமே ஆனவருக்குக் குளிசையே தேவைப்படாமல் போகலாம். பத்து வருடமாக இன்சுலின் போடுபவர் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. நெஞ்செரிவு கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டும். அவர்களுக்குப் பைபாஸே பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஆனால் 2009 இல் ஷெல் பட்டு வயிறு திறக்கப்பட்டவர்கள் இங்கே குறைவில்லை. அப்படித் திறந்த வயிற்றில் குடல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பைபாஸுக்குச் சிறுகுடலை அளந்து மேலே இழுக்க வேண்டும். ஸ்லீவ் வேலை மேல்வயிற்றோடு முடியும், ஆகவே இவர்களுக்கு அது இலகுவாகலாம். பழைய தழும்பையும் உடம்பில் கிடக்கும் ஷெல் துண்டையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

முதல் இரண்டு கிழமைகளில் மிகவும் பயப்பட வேண்டியது கசிவு: வெட்டிப் பொருத்திய இடம் விட்டு, உள்ளிருப்பது வயிற்றுக்குள் ஒழுகுவது. ஸ்லீவில் அது பெரும்பாலும் குழாயின் மேல் நுனியில், இரத்த ஓட்டம் குறைந்த, உள்ளழுத்தம் கூடிய இடத்தில் வரும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், ஆனால் பிந்தினால் உயிர் போகும். பருத்த உடம்பில் வயிறு கல்லாக இறுகாமலே இருக்கலாம். நாடி 120 ஐத் தாண்டுவதும், இடது தோள் நோவதும், காய்ச்சலுமே அறிகுறி. மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்கு என்று பனடோலோடு படுத்திருப்பது எங்களூர் வழக்கம். இங்கே அது ஆகாது, 1990 ஐ அழையுங்கள்.

காலில் இரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போவதும் இந்த முதல் மாதத்தில்தான். வாகனத்தை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடவுங்கள். இரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தந்த ஊசியைக் கடைசி நாள் வரை போடுங்கள்.

கிளினிக்கில் மாதா மாதம் கிடைத்த பழைய குளிசைப் பையை அப்படியே தொடராதீர்கள். சாப்பாடு கால்பங்காகும்போது பழைய அளவு இன்சுலினோ கிளிக்லசைட் என்ற நீரிழிவுக் குளிசையோ இரத்தச் சீனியை ஆபத்தாக இறக்கும். பிரஷர் குளிசையையும் குறைக்க வேண்டிவரும். மூட்டு நோவுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம். பைபாஸ் பொருத்தில் புண் வரும். புகைத்தலும் அதே புண்ணைக் கொண்டுவரும்.

சத்தி நிற்காவிட்டால் கவனம். உடம்பில் தயமின் (விற்றமின் பி1) கையிருப்பு இரண்டு மூன்று கிழமைக்குத்தான் காணும். அது தீர்ந்தால் பொருள் இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். அந்த நிலையில் தயமின் ஊசி போடாமல் டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். "முதல்ல தயமின் போடுங்கோ டொக்டர்" என்று நோயாளியே கேட்கலாம், தவறில்லை. பைபாஸ் செய்தவருக்கு எடை இறங்கிய பின், வருடம் கழிந்தும், விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்து முறுக்கினால் குடல் உள்இடுக்கில் சிக்கியிருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், சீ.ரீ. ஸ்கான் வேண்டும்.

சாப்பாடு இரண்டு கிழமை நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மெதுவானது. பிட்டும் பாணும் பசையாகி அடைக்கும், மாதக்கணக்கில் தள்ளி வையுங்கள். நாளுக்கு 60 கிராம் புரதம் வேண்டும்: ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், அரை மணி விட்டு, மிடறு மிடறாக நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். வன்னி வெயிலில் அது தவறினால் சிறுநீரகம்தான் முதலில் அடிபடும், ஆகவே முதல் வருடம் கந்தசஷ்டி உபவாசம் வேண்டாம். பனங்கட்டியும் பாலைப்பழமும் கொஞ்சம் கூடினாலே பைபாஸ்காரருக்கு வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம். கள்ளு முன்பை விட விரைவாகத் தலைக்கு ஏறும்.

விற்றமின், இரும்பு, கல்சியம், பி12 வாழ்நாள் முழுக்க. இரும்புக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள், தேத்தண்ணியோடு இரும்பு வேண்டாம். மூன்று மாதத்தில் தலைமயிர் கொட்டும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும்.

பெண்கள் 12-18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. லூப்போ கையில் வைக்கும் குச்சியோ நல்லது. பிறகு கர்ப்பம் பதியும்போது மிட்வைஃபிடம் சத்திரசிகிச்சையைச் சொல்லுங்கள். சீனி பார்க்கத் தரும் 75 கிராம் குளுக்கோஸ் பானம் பைபாஸ்காரருக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்குப் பதில் ஒரு கிழமை விரலில் குத்திப் பார்க்கக் கேளுங்கள்.