அடுத்த வீட்டுத் தாளிப்பும் ஒரு நோயாளியின் இருமலும்

திருகோணமலையில் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் அநேகர் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள். பீடி, சிகரெட்டில் நெஞ்சைத் தொலைத்தவர்கள், விறகடுப்புப் புகையில் ஆயுளைக் கழித்த அம்மாமார், நுரையீரல் தழும்பேறி இறுகிப்போனவர்கள். இவர்களை வாட்டுவது மூச்சுத்திணறல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களோ உட்கார்ந்ததும் இருமலைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறார்கள்.

"ஒரு மணம் பட்டாலே போதும் பிள்ளை, பிடித்துவிடும்" என்பார்கள். பக்கத்துக் குசினியில் செத்தல் மிளகாய் வறுபடும் நெடி, நுளம்புத்திரி, சாம்பிராணி, பஸ்ஸில் யாரோ பூசி வந்த சென்ட், கச்சான் காற்று கிளப்பும் புழுதி, ஏசி அறையின் குளிர். சிலருக்கு வாய்விட்டுச் சிரித்தாலே வரும். அதே நெடி வீட்டில் மற்றவர்களை ஒன்றும் செய்வதில்லை. அதனால் "வேண்டுமென்றே இருமுகிறார்" என்ற பேச்சும் எழுந்துவிடுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

மூச்சுப்பாதையின் உட்சுவரில், மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் பரவியிருக்கின்றன. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கப்சைசின் பட்டதும் தூண்டப்படும் ஏற்பிகள் அவற்றில் உண்டு. சூடும் அமிலமும்கூட அதே ஏற்பிகளைத் தூண்டும். நாட்பட்ட நோயில் இந்த நுனிகள் மட்டுமல்ல, மூளைத்தண்டில் இருமலை இயக்கும் நரம்புத் தொடர்களும் கூர்மையாகிவிடக்கூடும். ஆய்வுகளில் கப்சைசின் கலந்த நுண்துளிகளை அளவைக் கூட்டிக் கூட்டி மூச்சில் இழுக்கவைத்து, எந்த அளவில் 5 முறை இருமல் வருகிறது என்று பார்ப்பார்கள். நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த அளவே போதுமாகிவிடுகிறது. பொதுவாகவே ஆண்களை விடப் பெண்களுக்கு இந்த உணர்திறன் அதிகம். அடுத்த வீட்டுத் தாச்சி நாள்தோறும் அந்தப் பரிசோதனையைத்தான் நடத்துகிறது.

சாம்பல்தீவுப் பக்கமிருந்து வரும் ஒரு அம்மா, இருமல் வரும்போதெல்லாம் சேலைக்குள் தொடைகளை இறுக்கிக்கொள்வார். மகள் மருந்துத் துண்டோடு வெளியே போன பிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: இருமினால் சிறுநீர் கசிகிறது, அதனால் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். இதைத் தாமாகச் சொல்லும் பெண்கள் மிகக் குறைவு. நாங்கள்தான் கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும். இருமல் முட்டும்போதே இடுப்பின் அடித்தளத் தசையை உள்ளிழுத்து இறுக்கிப் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். தொண்டையில் அரிப்பு தொடங்கியவுடன் வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மூக்கால் மெல்ல இழுத்து, குவித்த உதட்டால் நீளமாக விடுவதையும் பழக்கினேன். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தால் ஒரு மிடறு. முதல் இருமலைத் தாண்டினால், அடுத்தடுத்து வருபவை பெரும்பாலும் தணிந்துவிடும். ஒரு இருமல் தொண்டையை உரசிவிட்டுப் போவதே அடுத்த இருமலுக்குத் தூண்டுதலாகிவிடுகிறது.

ஆனால் எல்லாருக்கும் இதைச் சொல்ல முடியாது. மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்குகிறவர்களுக்கு இருமல் பகையல்ல, சளியை வெளியேற்றும் வழி. அதை அடக்கச் சொன்னால் கிருமி பெருகும். அவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பது சளியைக் களைப்பின்றி வெளியே கொண்டுவரும் முறை. எந்த இருமல் எது என்று பிரித்தறியாமல் கடையில் சிரப் வாங்கிக் குடிப்பதை நான் ஏற்பதில்லை. 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

வீட்டாரிடம் நான் கேட்பது சிறிய காரியங்கள்: மிளகாயைக் காற்று விலகிப் போகும் பக்கமாக முற்றத்தில் வறுங்கள், நோயாளி படுக்கும் அறையில் நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் குடிப்பவரானால் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வகை மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். வைத்தியர் வேறு மருந்துக்கு மாற்றினால் சில வாரங்களில் அது அடங்கும், சிலருக்கு 3 மாதம்கூட ஆகலாம். கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.