ஆடிஷனுக்கு முன் பன்னிரண்டு வாரம்: ஒரு வயலின் நாட்குறிப்பு

7 செப்டம்பர் 2025

மதிப்பெண் சுமாராக இருந்தும் வயலினை நம்பி இசைக் கல்லூரி ஆடிஷனுக்கு (குழுவின் முன் வாசித்துக் காட்டும் நுழைவுத் தேர்வுக்கு) தயாராகும் பிள்ளைகளுக்கான குறிப்பு இது. மதிப்பெண் பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். யோங் சியூ தோ இசைக் கல்லூரி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நன்யாங் நுண்கலைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. எங்கே விண்ணப்பித்தாலும் ஒரு குறைந்தபட்சத் தகுதி உண்டு. ஏ லெவலில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வில்) சியும் டியுமாக வாங்கிய பிள்ளை அதை இன்றே பார்த்துவிட வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் வாசிப்புத்தான் பேசும். மதிப்பெண்ணை நினைத்து உருகும் நேரத்தை வில்லுக்குக் கொடுங்கள்.

16 செப்டம்பர்

ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) எட்டாம் கிரேடில் மொத்தம் 150. கேட்டதை வைத்துப் பதில் சொல்லும் செவிப்புலன் தேர்வுக்கு அதில் 18தான். அதனால் பலரும் அதில் அதிகம் உழைக்காமல், மற்றதில் மதிப்பெண் சேர்த்துத் தேறிவிடுகிறார்கள். இசைக் கல்லூரி காதைத் தனியாகச் சோதித்தால் அங்கேதான் சறுக்கல்.

கர்நாடக இசை கற்ற பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்திருக்கிறது. மேற்கத்திய இசையின் பெயர்களில் சொன்னால் சங்கராபரணம் மேஜர், நடபைரவி இயற்கை மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர். அந்தர காந்தாரம் மேஜர் தேர்ட், சாதாரண காந்தாரம் மைனர் தேர்ட். பெயரை மாற்றினால் போதும்.

சிக்கல் வேறிடத்தில். நம் காதில் ஷட்ஜம் அசையாது. சி மேஜரில் தொடங்கிய பாட்டு ஜி மேஜருக்கு நகரும்போது எஃப் ஷார்ப் வரும். தம்பூராவில் ஊறிய காது அதைப் பிரதி மத்யமம் என்று பிடித்துக் 'கல்யாணி' என்று சொல்லிவிடும். உண்மையில் ‘ச’ இடம் மாறிவிட்டது. வந்தது புதிய ‘ச’வுக்குக் காகலி நிஷாதம். மருந்து: தம்பூராவை அணைத்துவிட்டு, எட்டு பார் (தாளக் கட்டம்) கேட்டு, ‘ச’ எந்த இடத்தில் நகர்ந்தது என்று சொல்வது. தினம் இருபது நிமிடம், ஒரு நாளும் விடாமல்.

28 செப்டம்பர்

ஆடிஷனில் வழக்கமாகக் கேட்பவை: பாக்கின் தனி வயலின் படைப்பிலிருந்து ஒரு பகுதி, ஓர் எட்யூட் (பயிற்சி உருப்படி), ஒரு கான்செர்ட்டோவின் (இசைக்குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பின்) முதல் பகுதி. கையை மீறிய கான்செர்ட்டோவை எடுத்துத் திணறுவதைவிட, முழுதும் கைவசமான மோட்சார்ட் எவ்வளவோ மேல். சுத்தமான ஸ்ருதி முப்பது நொடியில் தெரிந்துவிடும், திணறலும் அப்படியே.

கர்நாடக முறையில் உட்கார்ந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்தவர்களுக்கு இடது கை வழுக்கியே போகும். அங்கே அது கமகம். பாக்கில் விரல் இடம் மாறும் சத்தம் கேட்டால் தேர்வுக் குழு அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். இடமாற்றத்தின்போது விரல் அழுத்தத்தைத் தளர்த்தி, மெட்ரோனோம் (வேகம் காட்டும் கருவி) 60இல் தொடங்கி நான்கு நான்காக ஏற்றுங்கள்.

12 அக்டோபர்

விண்ணப்பத்துக்கான வீடியோ பதிவு. தீபாவளி வாரத்தில் வைக்காதீர்கள், வீட்டில் ஆள் அடங்காது. வீவக அடுக்குமாடி வீட்டில் விடியற்காலை குயில் ஒன்று கத்தினாலே போதும், டேக் போச்சு. பிற்பகல் நல்லது. ஏர்கான், மின்விசிறி, பக்கத்து அறையில் குளிர்பதனப் பெட்டி இருந்தால் அதுவும் நிற்கட்டும்.

கைப்பேசியைத் தனியே நம்பினால் அதன் தானியங்கி ஒலியளவு மெல்லிய இடத்தைத் தூக்கி, பெரிய இடத்தை நசுக்கிவிடும். வாரக்கணக்கில் பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் அப்படியே தட்டையாகிவிடும். தனி மைக், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. மிகச் சத்தமான பாரை முதலில் வாசித்து, உச்சம் மைனஸ் ஆறு டெசிபலில் நிற்கும்படி அளவை அமையுங்கள். சட்டகத்துக்குள் முகம், இரு கைகள், வில்லின் நுனி வரை தெரிய வேண்டும். பகுதியின் நடுவே வெட்டு ஒட்டு கூடாது.

2 நவம்பர்

விண்ணப்பக் கடிதத்தில் மதிப்பெண்ணுக்கு ஒரே வரி. காரணம் அடுக்கினால் கண் அங்கேயே நின்றுவிடும். என்ன வாசிக்கிறீர்கள், எதில் இன்னும் குறை, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். பரிந்துரை தரும் ஆசிரியருக்கு நான்கு வாரமாவது வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் பொதுவான நாலு வரிதான் கிடைக்கும்.

23 நவம்பர்

தந்தி மாற்றுவதென்றால் இந்த வாரமே. புதுத் தந்தி படிய நாலைந்து நாள் பிடிக்கும்.

நம் ஊர் ஈரத்தில் பிருடை (தந்தியை முறுக்கும் குமிழ்) உப்பி இறுகிக்கிடக்கும்; குளிர் அறைக்குள் போனதும் சுருங்கி, தந்தி பொசுக்கென்று தளர்ந்துவிடும். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து சுருதி சேருங்கள். வந்ததும் சேர்த்தால் மேடையில் மறுபடி இறங்கும்.

குழு நடுவில் நிறுத்தச் சொன்னால் பதறவேண்டாம், நேரம் கருதி அப்படிச் செய்வதுண்டு. ‘இரண்டாம் கருப்பொருளிலிருந்து’ (இரண்டாவது முக்கிய மெட்டிலிருந்து) என்றும் கேட்கலாம். ஆகவே இந்த வாரம் முதல் பாரிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டு, கண்ணை மூடி இசைத்தாளில் எங்காவது விரல் வைத்து, விழுந்த பாரிலிருந்து வாசித்துப் பழகுங்கள். உடன் பியானோ வாசிப்பவருக்கும் அதே பார் எண்களோடு ஒரு பிரதி. பையில் ஒரு மாற்று ஈ (E) தந்தி.