குறள் 66: இரண்டாம் சீரில் தட்டிய தளை

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொற் கேளா தவர்.

இந்தக் குறளை அலகிட்டுப் பார்த்தேன், அதாவது ஒவ்வொரு சீரையும் (அடியின் உறுப்பு) நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்தேன். ஒருவழியாக ஏழு சீருக்கும் வாய்பாடு (அசை அமைப்புக்கான பெயர்) பொருந்திவிட்டது. இழுத்தடித்தது ‘தியாழினி’ மட்டும்தான்.

முதல் சீர் குழ/லினி, நிரை நிரை, கருவிளம். அடுத்தது தியா/ழினி, குறிலும் நெடிலும் இணைந்து நிரையாவதால் அதுவும் கருவிளம். விளத்தின்முன் (விளத்தை அடுத்து) நிரை வந்தால் ஆசிரியத்தளை; தளை என்பது அடுத்தடுத்த சீர்களின் இணைப்பு. குறள் வெண்பாவில் அதற்கு இடமே இல்லை. ‘தி’யைத் தனி நேராக வெட்டினால் இன்னும் மோசம்: தி/யா/ழினி தேமாங்கனி. கனிச்சீர் வெண்பாவுக்குள் வராது.

விடை புணர்ச்சியில் இருக்கிறது. இனிது + யாழ் சேரும்போது து-வின் குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்) யகரத்துக்கு முன் குற்றியலிகரமாகிறது (குறுகி ஒலிக்கும் இகரம்). அரை மாத்திரைதான் அதற்கு. சீரும் தளையும் சிதையும் இடத்தில் அது அலகு பெறாது, அதாவது அசையில் எண்ணப்படாது என்பது யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையின் விதி. உரையில் காட்டும் எடுத்துக்காட்டே இந்தக் குறள்தான்! ‘தி’யை விட்டு அலகிட்டால் யா/ழினி, கூவிளம். விளமுன் நேர், இயற்சீர் வெண்டளை.

பதம் பிரித்த பதிப்பை வைத்து அலகிட்டால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. குழலினிது கருவிளங்காய், யாழினிது கூவிளங்காய், காய்முன் நேர் என்று தளை சரியாகவே வரும். விடை வந்துவிட்டதே என்று நகர்ந்துவிடுவோம். படிக்கப் பதம் பிரித்தது, அலகிடச் சீர் பிரித்தது என இரண்டு பதிப்புகள் கையில் இருப்பது நல்லது.

மற்றவை: தென்/பதம் கூவிளம், மக்/கள் தேமா, மழ/லைச்/சொற் புளிமாங்காய், கே/ளா தேமா, தவர் மலர். லைச் என்பதில் ஐகாரம் குறுகினாலும் ஒற்று இருப்பதால் நேரேதான்.

அடுத்து 425, ‘உலகந் தழீஇய தொட்பம்’. அங்கே நிலைமை தலைகீழ். அளபெடை இகரத்தை (ழீ-யின் ஓசையை நீட்டும் ‘இ’) எண்ணாவிட்டால் தழீ/ய புளிமா ஆகி, தொட் என்ற நேருக்கு முன் தளை தட்டும். எண்ணியே ஆகவேண்டும்.

66-இன் தொடை (எதுகை, மோனை போன்ற ஓசை இயைபு) இன்னும் பாதியில் நிற்கிறது. எதுகை தெளிவு: குழலினி, மழலைச்சொல், இரண்டாம் எழுத்து ழ, முதலெழுத்து இரண்டும் குறில், மூன்றாவதிலும் லி, லை என்று லகர வருக்கம். என்ன அழகான கட்டு! மோனையில் (சீர்களின் முதலெழுத்து ஒன்றுவது) தியாழினி, தென்பதம் என்று தகரம் இணைகிறது. ஆனால் அலகு பெறாத எழுத்தை மோனைக்கு மட்டும் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மோனைக்கான கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.