குளிரில் நீர், சூட்டில் கட்டி

ஓண விடுமுறைக்குக் குலசேகரம் வந்தபோது, ஆய்வுக்கூடத்தில் நான் கரைத்து வைத்திருந்த சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்றை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து எடுத்து வந்தேன். போலோக்சாமர் 407 என்னும் வெள்ளைப் பொடியை, 100 கிராம் கரைசலில் 20 கிராம் இருக்கும்படி, குளிர்ந்த நீரில் ஓரிரவு கரைத்தது அது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிக்கொள்ளச் சொன்னேன். சில நிமிடங்கள் கழித்துக் குப்பியைக் கவிழ்த்தபோது ஒரு சொட்டும் இறங்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட் அடித்தவர் அவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது திரும்பத் தண்ணியாவுமா மக்களே?" என்று கேட்டார்.

ஆகும். உறைந்த ரப்பர் பால் மீண்டும் பாலாவதில்லை. நெய் குளிரில் உறைந்து சூட்டில் உருகும். இதுவோ சூட்டில் உறைந்து குளிரில் இளகுகிறது. இதன் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று துண்டுகளாலான ஒரு சங்கிலி. இரு ஓரத் துண்டுகளும் நீரை விரும்புபவை. நடுத்துண்டு குளிரில் மட்டும் நீரைப் பொறுத்துக்கொள்ளும், சூடு ஏறினால் உதறிவிடும். உதறிய நடுத்துண்டுகள் ஒன்றுசேர்ந்து சிறு உருண்டைகளின் உள்ளீடாகின்றன; உருண்டைகள் நெருக்கியடித்து நிற்கும்போது கரைசல் அசையாமல் நின்றுவிடுகிறது.

இத்தகைய சங்கிலிகளைத்தான் பிளாக் கோபாலிமர் என்கிறோம். பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒன்றோடொன்று ஒட்டாத இரு பாலிமர்களைச் சும்மா கலந்தால் எண்ணெயும் நீரும்போல் பிரிந்துபோகும். அவற்றையே முனையோடு முனை வேதிப் பிணைப்பால் கட்டிவிட்டால், ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டிய மாடுகளைப்போல, விலக நினைத்தாலும் கயிற்றின் நீளத்துக்கு மேல் விலக முடியாது. ஆகவே அந்தப் பிரிவு பத்து முதல் நூறு நானோமீட்டர் அளவிலேயே நின்று, துண்டுகளின் விகிதத்தைப் பொறுத்து உருண்டைகளாகவும் உருளைகளாகவும் அடுக்குகளாகவும் ஒழுங்கு பெறுகிறது. தனித்தனியே இருந்தால் பிரிந்து வீணாகும் இரு பொருள்களிலிருந்து ஒரு முடிச்சு இவ்வளவு ஒழுங்கை வரவழைப்பதை, எத்தனை முறை படித்தாலும் புதிதாகவே உணர்கிறேன்.

அந்த முடிச்சைத் துல்லியமாகப் போடும் வழியைக் காட்டியவர் வேதியியலாளர் மைக்கேல் ஷ்வார்ட்ஸ். 1956இல், வளர்ந்து முடிந்த பின்னும் சாகாமல் முனையில் மின்சுமையோடு காத்திருக்கும் 'உயிருள்ள பாலிமர்'களை அவர் அறிவித்தார். சங்கிலியின் கண்ணியாகும் சிறு மூலக்கூறுதான் மோனோமர். முதல் மோனோமர் தீர்ந்ததும் இரண்டாவதை ஊற்றினால், சங்கிலி விட்ட இடத்திலிருந்து வளரும். வினையைத் தொடங்கிவைக்கும் பியூட்டைல் லித்தியம் கொண்டு ஸ்டைரீன் என்னும் மோனோமரை வளர்க்கும்போது கரைசல் ஆரஞ்சு கலந்த சிவப்பாக ஒளிரும். அந்த நிறம் இருக்கும்வரைதான் முனைகளுக்கு உயிர். ஈரமும் ஆக்சிஜனும் அவற்றை உடனே கொன்றுவிடும். இடவப்பாதி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூன் மாதம், எங்கள் கண்ணாடி அமைப்பின் ஒரு மூட்டில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்திருக்கிறது. இரண்டாவது மோனோமரான பியூட்டாடையீனைச் சேர்க்கக் கையெடுக்கும் முன்பே சிவப்பு வெளிறி, குடுவை நிறமற்றுப்போனது. மூன்று நாள் உலர்த்திய கரைப்பானும் வடித்தெடுத்த ஸ்டைரீனும் அதோடு போயின. அன்று முதல் ஒவ்வொரு மூட்டையும் இரண்டு முறை சோதிக்கிறேன்.

அந்த வினை சரியாக நடந்தால் கிடைப்பது ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன், சுருக்கமாக எஸ்.பி.எஸ். ஓரங்களில் கடினமான பாலிஸ்டைரீன், நடுவில் இழுபடும் பாலிபியூட்டாடையீன். நம் தோட்டத்து ரப்பருக்குக் கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்தால் சங்கிலிகள் நிரந்தரமாகப் பின்னிக்கொள்ளும். மறுபடி உருக்க வழியில்லை. எஸ்.பி.எஸ்ஸில் அந்தப் பின்னலின் வேலையைப் பாலிஸ்டைரீன் உருண்டைகள் செய்கின்றன. சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவை இளகுவதால், பொருளை உருக்கி வேறு வடிவில் வார்க்கலாம். செருப்பின் அடிப்பகுதியிலும் சாலைக்கான தாரிலும் இதைக் கலக்கிறார்கள். இது வந்தால் நம் மரத்தில் யார் பால் வெட்டுவார்கள் என்று அப்பா கவலைப்பட்டார். சூட்டில் இளகும் அதே குணத்தால் லாரி டயருக்கும் விமான டயருக்கும் இது உதவாது; அங்கே இயற்கை ரப்பரே தேவைப்படுகிறது என்று சொன்னதும்தான் அவர் முகம் தெளிந்தது.

மருத்துவத்தில் பிளாக் கோபாலிமர்களின் பயன் என்னை இன்னும் நெருக்கமாகத் தொடுகிறது. புற்றுநோய்க்குத் தரும் பாக்லிடாக்ஸல் நீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருளில் அதைக் கரைத்துச் செலுத்தும்போது சிலருக்குக் கடும் ஒவ்வாமை வருகிறது. அதைத் தடுக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கவேண்டியிருக்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்காலும் பாலிலாக்டிக் அமிலமும் சேர்ந்த பிளாக் கோபாலிமர், நீரில் தானாகவே நுண்ணுருண்டையாகி மருந்தைத் தன் மையத்தில் வைத்துக்கொள்ளும். இப்படிச் செய்த ஜெனெக்சால்-பிஎம் தென்கொரியாவில் 2007இல் அனுமதி பெற்றது. சுமை இறங்கிய பின், பாலிலாக்டிக் துண்டு நீரால் மெல்ல அறுபட்டு, தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலமாகிவிடும்.

இதற்கு நேர்மாறான தேவை, இதயத்தின் அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டில். 2004இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட டாக்சஸ் ஸ்டென்டின் மேற்பூச்சும் இதே பாக்லிடாக்ஸலைத் தாங்கியது. அது ஸ்டைரீன், ஐசோபியூட்டிலீன், ஸ்டைரீன் என்ற வரிசை கொண்ட பிளாக் கோபாலிமர். இரத்தக்குழாய்க்குள் அது கரையவே கூடாது. நீர் அறுக்கக்கூடிய எஸ்டர் பிணைப்போ, ஆக்சிஜன் எளிதில் தாக்கும் இரட்டைப் பிணைப்போ அதன் நெடுஞ்சங்கிலியில் கிடையாது. அதனால்தான் மருந்து மெதுவாகக் கசிந்த பின்னும் பூச்சு வைத்த இடத்திலேயே இருக்கிறது.