பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

பல வருடம் நான் மதிப்பெண் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டேன். பெயர் இருக்காது, பதிவெண் மட்டும்தான். அதுவே பாதுகாப்பு என்று உண்மையாகவே நம்பினேன். ஒரு தேர்வுக்குப் பிறகு ஒரு மாணவி வந்து, "மேடம், என் மார்க் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோதுதான் யோசித்தேன். பதிவெண் அகர வரிசையில் கொடுத்தது, தினமும் வருகைப்பதிவில் அதே வரிசையில்தான் கூப்பிடுகிறோம், யாருடைய எண் எது என்பது வகுப்பு முழுக்க மனப்பாடம். அவள் உடம்பு சரியில்லாமல் பாதித் தேர்வில் எழுந்து போனவள். 50க்கு 9. அதை 40 பேர் பார்த்துவிட்டார்கள், அனுப்பியது நான்.

அடுத்த முறை ஆளுக்கொரு ரகசிய எண் கொடுத்தேன், ஆனால் வரிசையை மாற்ற மறந்துவிட்டேன். ஏழாவது வரியில் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் எக்செலில் பெயர் இருந்த பத்தியை மறைத்துவிட்டு அனுப்பியதும் உண்டு. மறைப்பது அழிப்பது ஆகாது, இரண்டு கிளிக்கில் அந்தப் பத்தி திரும்ப வந்துவிடும். இது தெரியாமல் இன்றும் பலர் அனுப்புகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மாணவர் பதிவுகளைப் பாதுகாக்க 1974இலேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி மாணவரின் சம்மதம் இல்லாமல் பெயரோடு மட்டுமல்ல, மாணவர் எண்ணோடும் மதிப்பெண்ணைப் பொதுவில் ஒட்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் இன்னும் ஒரு படி மேலே போய், விடைத்தாளும் அதில் திருத்துபவர் எழுதும் குறிப்பும்கூட தேர்வு எழுதியவரின் தனிப்பட்ட தகவல்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்தபோது, திருத்திய தாள்களைக் கட்டாக முதல் பெஞ்சில் கொடுத்து "உங்களுடையதை எடுத்துக்கொண்டு பின்னால் அனுப்புங்க" என்று நான் சொல்லி வந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

இப்போது மெயில் மெர்ஜ் (பட்டியலில் இருந்து ஆளுக்கொரு மின்னஞ்சலைத் தானாகவே உருவாக்கும் வசதி) வைத்து அவரவர் மதிப்பெண்ணை அவரவருக்கு மட்டும் அனுப்புகிறேன். ஒரு முறை அமைத்துவிட்டால் பத்து நிமிட வேலைதான். கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் மாதிரி இணைய வகுப்பு வசதி இருந்தால் அதுகூட வேண்டாம், மாணவருக்குத் தன் மதிப்பெண் மட்டும்தான் தெரியும். தாளில் மதிப்பெண்ணை உள்பக்கம் எழுதி, நானே கையில் கொடுக்கிறேன். குழுவுக்குச் சராசரி, குறைந்தபட்சம் மாதிரி பொதுவான எண்கள் மட்டும். அதிலும் ஆறு பேர் உள்ள விருப்பப்பாட வகுப்பு என்றால் குறைந்தபட்ச மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன், அது யாரோ ஒருவரை விரல் நீட்டிக் காட்டுவது மாதிரி ஆகிவிடும்.

"எல்லாருக்கும் தெரிஞ்சாத்தான் போட்டி வரும்" என்று ஒரு சக ஆசிரியர் சொல்வார். தான் எங்கே நிற்கிறோம் என்று மாணவருக்குத் தெரிய வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண் எதற்கு?

முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் முன்பும் இப்போது அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போன தடவை முதலிடம் வந்த பையன் வேண்டாம் என்றான், அவனோடு சேர்ந்து படித்த நண்பன் தேறவில்லையாம். சரி என்று, அவன் பெயரைச் சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் சொன்னேன்.