அந்தக் கார்தானா இது?

பழைய பந்தய காரொன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது சேஸி (அடிச்சட்டகம்) எண் பொறித்த தகட்டைத்தான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தேடினேன். கார் நிறுவனங்களே நடத்திய தொழிற்சாலை அணிகளின் கார்களைப் பொறுத்தவரை, கிடைக்கும் சான்றுகளிலேயே ஆகப் பலவீனமானது அந்தத் தகடுதான் என்பது இப்போது என் உறுதியான கருத்து. தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகளைக் கழற்றிவிட்டால் ஒரு காரின் பெயர் இன்னொரு காருக்குப் போய்விடும்.

இதையெல்லாம் மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டுப் பந்தயத்துக்குச் செல்லும் காருக்குச் சுங்க ஆவணம் தேவைப்பட்டது. ஆவணத்தில் குறித்த கார் பழுதாகிக் கிடந்தால், ஓடும் நிலையில் இருந்த காருக்கு அதன் எண்ணை மாட்டி எல்லையைக் கடப்பது அந்நாளில் சாதாரண வழக்கம். இங்கிலாந்தின் ஆபிங்டனில் இயங்கிய பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கார் நிறுவனத்தின் அணி, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலி என்னும் நெடுந்தூரச் சாலைப் பந்தயத்தை மினி கார்களால் வென்றது. ராலியில் நொறுங்கிய உடற்கூட்டுக்குப் பதிலாகப் புதியதை எடுத்து, அதற்குப் பழைய பதிவெண்ணையே அங்கே சூட்டுவார்கள். அவர்களுக்குக் கார் ஒரு வேலைக்கருவி. அடுத்த வாரம் ஓடவேண்டும், அவ்வளவுதான். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவர் அதன் பிறப்பை விசாரிப்பார் என்று அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை.

ஆகவே நான் புகைப்படங்களையே அதிகம் நம்புகிறேன். அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கிய உடல்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் எடுத்த பழைய படம் ஒன்றையும், அதற்குச் சுமார் பத்தாண்டுகள் பிந்தைய படம் ஒன்றையும் அண்மையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறமும் எண்ணும் வேறு. ஆனால் எரிபொருள் மூடிக்குக் கீழே ஓடும் ரிவெட் வரிசையில் ஐந்தாவது ரிவெட் மட்டும் சற்றுக் கீழிறங்கியிருப்பது இரண்டு படங்களிலும் அப்படியே இருந்தது. துளையிட்டவரின் கை ஒரு கணம் தவறிய இடம் அது. அதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி எந்தச் சான்றிதழைக் கண்டபோதும் உண்டானதில்லை.

ஒரு காரின் பாகங்கள் பெரும்பாலும் மாறிப்போன பிறகும் அது அதே கார்தானா என்ற கேள்விக்கு லண்டன் உயர் நீதிமன்றமே 1990இல் விடை சொல்ல நேர்ந்தது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்றழைக்கப்படும் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது. பின்னர் அதில் 8 லிட்டர் என்ஜின் பொருத்தப்பட்டது. 1932இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தளத்தில் கிளைவ் டன்ஃபீ அதை ஓட்டும்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். அதன் பிறகு கார் மீண்டும் கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், வென்ற காரின் பாகங்கள் இதில் மிகச் சொற்பமே என்று கூறிப் பின்வாங்கியது. நீதிபதி ஓட்டன் அதை ஏற்கவில்லை. கார் ஒரே நாளில் மாற்றப்படவில்லை, படிப்படியாக மாறியது, அந்தப் பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு கார் எதுவுமில்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம். முறியாத தொடர்ச்சியே அடையாளம் என்னும் இந்தப் பார்வை எனக்கு முழுச் சம்மதம். ஆனால் எந்தப் பாகம் எப்போது மாறியது என்பதை மறைக்காமல் எழுதிவைத்தால்தான் அந்தத் தொடர்ச்சிக்கு மதிப்பு.

தொழிற்சாலைகளும் சில சமயம் நம்மைக் குழப்பியிருக்கின்றன. போர்ஷே நிறுவனத்துக்கு 1970இல் முதல் ஒட்டுமொத்த லே மான் வெற்றியைத் தேடித்தந்தது 917 வகையின் 023 எண் கார். ஆனால் வென்ற காரின் சிவப்பு வெள்ளை நிறத்தைப் பூசிக்கொண்டு நிறுவனத்தின் சார்பில் காட்சிக்கு நின்றது அதே வகையின் 001 எண் கார். அதை அதன் பழைய தோற்றத்துக்கு 2019இல்தான் மீட்டார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானவை ஜாகுவார் நிறுவனத்தின் டி-டைப் பந்தய கார்கள். 1955 முதல் அவற்றின் முன் சட்டகம் ஓட்டுநர் அமரும் நடுக்கூட்டுடன் போல்ட்டால் இணைக்கப்பட்டது, ஆகவே எளிதில் பிரியும். சட்டகம் ஒருவரிடமும் கூடு இன்னொருவரிடமும் சேர்ந்து, இருவரும் மீதியைப் புதிதாகச் செய்துகொண்டு ஒரே எண்ணுக்கு உரிமை கோரியதுண்டு. இத்தகைய காரை என் குறிப்பேட்டில் பதியும்போது ஒரே எண்ணின்கீழ் இரண்டு பத்திகள் இட்டு, எந்தப் பாகம் எந்த ஆண்டு யாரிடம் இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.